மிகாலா, தராந்த்யூலா? ஒரு மனுவும் 107 குப்பிகளும்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினேழு வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் மனு எழுத வேண்டுமென்றால் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல் என்று எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். 2024ல் ஆடிப்பெருக்கு கழிந்த வாரம் வந்த மனுதான் என்னை நான்கு நாள் தூங்கவிடாமல் செய்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்போதுதான் கை வந்தது.

வந்தவன் என் தங்கையின் பேரன். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பேராவூரணியிலிருந்து பஸ்ஸில், மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு வந்தான். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள். உள்ளே தென்னை நார்த்தூள் பரப்பி, அதன்மேல் பழுப்பு நிறத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. உடம்பெல்லாம் சுருட்டை சுருட்டையாக முடி. அந்த டப்பாவுக்குள் நம் ஊர்ச் சரக்கு என்றால் அந்த நார்த்தூள் ஒன்றுதான்.

"தாத்தா, இதைப் பதிவு பண்ணணுமாம். ஃபாரம் எழுதித் தரணும்" என்றான்.

கூட வந்த அவன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். "மாமா, மொதல்ல இத வீட்ட விட்டு வெளியில எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா கட்டிலுக்கு அடியில வச்சிருந்திருக்கான், எனக்கே தெரியாது."

விஷயம் இதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022ல் திருத்தினார்கள். சைட்டீஸ் என்று ஒரு உலக ஒப்பந்தம் இருக்கிறது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துவது. இந்தியா 1976லேயே அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிரினங்களை உள்நாட்டில் ஒருவர் வைத்திருந்தால் என்ன செய்வது என்று நம் சட்டத்தில் தெளிவாக இல்லை. திருத்தத்தில் அவற்றுக்கென்றே நான்காம் அட்டவணை வந்தது. 2024 பிப்ரவரி 28ல் விதிகள் வந்தன. வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் இணையம் வழியாகப் பதிய வேண்டும். ஆகஸ்ட் கடைசியோடு கெடு முடிய இருந்தது. பையனுக்குப் பயம் வந்துவிட்டது.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, சொல்லு. இதோட பேர் என்ன?" என்றேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு உளுந்து அளவு இருந்தபோது, கைப்பேசிக் குழு ஒன்றில் யாரோ ஒருவரிடம் வாங்கியிருக்கிறான். "மெக்சிகன் ரெட் நீ" என்று சொல்லி விற்றிருக்கிறார். கறுப்புக் காலில் முட்டிக்கு முட்டி ஆரஞ்சுப் பூச்சோடு படங்களில் வருமே, அது. வளர வளர முட்டி சிவக்கும் என்று சொன்னாராம். இவனும் ஒவ்வொரு முறை அது சட்டை உரிக்கும்போதும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். முட்டி சிவக்கவே இல்லை. விற்றவரைக் கேட்கலாம் என்றால் குழுவே இல்லை. ரசீதும் இல்லை.

பெயர் இல்லாமல் மனு எப்படி எழுதுவது? முப்பத்து மூன்று வருஷம் வருவாய்த்துறையில் குப்பை கொட்டியவன் நான். ஒரே கிராமத்தில் ஒரே பெயர், அப்பா பெயரும் ஒன்றேயான இரண்டு பேருக்குள் பட்டா மாறிப்போய், அதைத் திருத்துவதற்குள் ஒருவர் இறந்தே போனார். இனிஷியலில் ஒரு எழுத்து தப்பினால் பென்ஷன் நின்றுபோகும். அப்படிப்பட்டவனிடம் "ஏதோ ஒரு பேர் போடுங்க தாத்தா" என்றால் எப்படிப் போடுவேன்? பொய்யான பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு மாட்டப்போவது அந்தப் பையன்தான்.

அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, தடுமாறுவது எங்கள் பையன் மட்டும் அல்ல.

2021 ஜூலையில் சென்னையில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். போலந்து நாட்டிலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு ஒரு பார்சல். போதைப் பொருள் இருக்குமோ என்ற சந்தேகத்தில் சுங்கத்துறையினர் அதை வெளிநாட்டு அஞ்சலகத்தில் நிறுத்திப் பிரித்தார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் 107 சின்னஞ்சிறு குப்பிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றி, உயிரோடு ஒரு சிலந்தி. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவிலிருந்தும் இந்திய விலங்கியல் ஆய்வகத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இரண்டு பேரினங்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். கவனியுங்கள், சந்தேகம்தான். பத்திரிகைகளில் வந்த பெயர்கள் "ஃபோனோபெல்மா, பிராக்கிபெல்மா". ஃபோனோபெல்மா என்று ஒன்று கிடையாது. அஃபோனோபெல்மா என்றுதான் உண்டு. எங்கேயோ முதல் எழுத்து விழுந்துவிட்டது. விழுந்த எழுத்தோடே ஊர் முழுக்கச் செய்தி ஓடியது. என்னைப் போன்ற பழைய கிளார்க்குக்கு அதைப் பார்த்தால் கை பரபரக்குமா, பரபரக்காதா?

இறக்குமதி உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாததால் பார்சலை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவாயிற்று. சட்டப்படி சரிதான். ஆனாலும் 107 குஞ்சுகளில் எத்தனை உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. கடுகு அளவுக் குஞ்சை வைத்துக்கொண்டு யாராலும் இனம் சொல்ல முடியாது. வளர்ந்த பெட்டையாக இருந்தால் வயிற்றுக்குள் விந்து சேமிக்கும் பையின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உரித்த சட்டையிலும் அதன் அச்சு இருக்கும். ஆணாக இருந்தால் முன்பக்கத்து உணர்காலின் நுனியில் உள்ள குமிழைப் பார்க்க வேண்டும். குஞ்சில் இரண்டும் இருக்காது. அப்படியிருக்க, குப்பிக்குக் குப்பி லேபிள் ஒட்டி, பெயருக்கேற்ற விலை வைத்து விற்கிறார்களே, அது எந்தத் தைரியத்தில்? "தாய்க்கு இந்தப் பெயர், ஆகவே குஞ்சுக்கும் இந்தப் பெயர்" என்பார்கள். தாய்க்கு அந்தப் பெயர் வைத்தது யார்? அதை விற்றவர்.

இந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சிவப்பு முட்டிக்காரியே உதாரணம். மெக்சிகோவில் பிடித்துப் பிடித்து விற்றுத் தீர்த்ததால் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்ற அந்த இனத்தை 1985லேயே சைட்டீஸ் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிறகு பேரினம் முழுவதும் சேர்ந்தது. 1997ல் மூன்று பிரெஞ்சுக்காரர்கள், தெஸ்முவேன், கிளெத்தோன், வெர்தே என்று பெயர், ஸ்மித்திக்கு நெருக்கமான இரண்டு புது இனங்கள் என்று பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்றுக்கு அன்னித்தா, மற்றதுக்கு ஹமோரி. இருபது வருஷம் கழித்து, 2017ல், மெந்தோசா, ஃபிராங்கே என்ற மெக்சிகோ ஆராய்ச்சியாளர்கள் இருவர் டி.என்.ஏ. வரை பார்த்து எழுதியது என்ன தெரியுமா? அன்னித்தா என்று புதுப்பெயர் வைத்ததுதான் அசல் ஸ்மித்தி. உலகம் முழுக்க வீடுகளில் ஸ்மித்தி என்று செல்லமாக வளர்த்தவற்றில் பெரும்பாலானவை ஹமோரி. நல்ல கூத்து! பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் பெயரில்.

இதில் நஷ்டம் யாருக்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் ஆணை ஒரு இனத்திலும் பெட்டையை இன்னொன்றிலும் சேர்த்து விட்டவர்கள் எத்தனை பேரோ! அப்படிப் பிறந்தவை எந்தப் பக்கமும் சேராது. நாளைக்குக் காட்டில் அந்த இனம் அழிந்துபோய், வளர்ப்பில் உள்ளதைக் கொண்டு மீட்கலாம் என்றால் அந்த வழி அடைபட்டுப் போகும். "நாங்கள் வளர்ப்பதால்தான் இனம் வாழ்கிறது" என்று வளர்ப்பவர்கள் சொல்லும் நியாயம் லேபிளின் உண்மையில்தான் நிற்கிறது. லேபிளே பொய் என்றால்?

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பாட்டி வீட்டில் இருந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தப் படிப்பு தஞ்சாவூர் மாவட்டத்துக் கிளார்க் வேலைக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை. கர்ணம் எழுதிய அடங்கலைப் படிக்க பிரெஞ்சு எதற்கு? ஐம்பது வருஷம் கழித்து, எட்டுக்கால் பூச்சிக்கு உதவியது.

டிக்தே என்று சொல்வோம், ஆசிரியர் படிக்கப் படிக்கப் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதில் ழான் ஹான்ரி ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கட்டுரைகள் வரும். ஒருநாள் தராந்த்யூல் வந்தது. நான் அதை எழுதிவிட்டு, பெரிய மயிர்ச் சிலந்தி ஒன்றைப் பக்கத்தில் வரைந்து வைத்தேன். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது மிகால். தராந்த்யூல் வேறு, மிகால் வேறு" என்று காதைத் திருகினார். பிரெஞ்சில் அது இன்றும் அப்படித்தான். தராந்த்யூல் என்பது இத்தாலியில் தாரந்தோ ஊர்ப்பக்கம் வயலில் ஓடும் ஓநாய்ச் சிலந்தி. அது கடித்தால் ஆடியாடித்தான் விஷம் இறங்கும் என்று அந்த ஊரில் நம்பினார்கள்; அதிலிருந்து ஒரு நடனமே பிறந்தது. அமெரிக்கா போன வெள்ளைக்காரர்கள் அங்கே பார்த்த பெரிய சிலந்திக்கு ஊர் நினைப்பில் அதே பெயரை வைத்தார்கள். இங்கிலீஷில் அதுவே நிலைத்தது. நாம் இங்கிலீஷிலிருந்து டாரன்டுலா என்று எடுத்துக்கொண்டோம். ஆக, லத்தீன் பெயருக்குப் போகும் முன்னால் வீட்டுப் பெயரே ஆள்மாறாட்டம்தான்.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? சிலந்தி என்றால் பூச்சியும் சிலந்திதான், உடம்பில் வரும் கட்டியும் சிலந்திதான். குளத்துத் தண்ணீர் குடித்துக் காலில் நூலாகப் புழு வெளிவருமே, அதற்கும் நரம்புச் சிலந்தி என்று பெயர். அந்தப் புழு 2000லேயே நாட்டில் ஒழிந்தது என்று சான்று வாங்கியாயிற்று.

அந்த ராத்திரி படித்தபோது ஒரு இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எழேன் சிமோன் என்ற பிரெஞ்சுச் சிலந்தி அறிஞர் 1885ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அதன் இரண்டாம் பகுதிக்குத் தலைப்பு: மதுரை ஜில்லா ராமநாதபுரத்தில் ஃபாப்ர் சேகரித்த சிலந்திகள். ஃபாப்ர்! என் டிக்தே ஃபாப்ர் ராமநாதபுரத்துக்கு வந்தாரா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தேன். அபே ஃபாப்ர் என்று இருந்தது. அபே என்றால் பாதிரியார். வேறு ஆள். பெயர்க் குழப்பத்தைப் பற்றி நியாயம் பேச உட்கார்ந்தவன் அதே குழியில் விழுந்தேன்.

இருந்தாலும் மகிழ்ச்சிதான். நமக்குத் தெற்கே எண்பது மைல் தொலைவில், நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பாதிரியார் பூசைக்கு நடுவே சிலந்தி பிடித்துப் பாரிஸுக்கு அனுப்பியிருக்கிறார். நம் நாட்டின் பெரிய மரச்சிலந்திகளுக்குப் பீசிலோதீரியா என்று பேரினப் பெயர் வைத்தவரும் அந்தச் சிமோன்தான், அதே 1885ல். கிரேக்கத்தில் புள்ளி போட்ட மிருகம் என்று பொருள்.

அதன் இனங்களைப் பார்த்தால் நம் ரயில்வே கால அட்டவணை மாதிரி இருக்கும். 1899ல் லண்டன் மியூசியத்தில் இருந்த போக்காக் என்பவர் வரிசையாக வைத்த பெயர்களில் ஒன்று அரக்கோணத்துச் சிலந்தி, ஒன்று சேலம் பக்கத்துச் சிலந்தி. இன்னொன்று உலகப் புகழ் பெற்றது, நீலக்கல் மாதிரி ஜொலிக்கும் மெட்டாலிகா. அது ஆந்திராவில் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. ஆகவே குத்திச் சிலந்தி. அடுத்த நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் கண்டுபிடித்தார்கள். குத்தியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அநேகமாக அந்த முதல் சிலந்தி மரக்கட்டையோடு ரயிலேறி வந்திருக்கும். இறங்கிய ஊரே பிறந்த ஊராகப் பதிவாகிவிட்டது. கும்பகோணத்தில் பிறந்து, பள்ளியில் சேர்த்த ஊரையே பிறந்த ஊராக எழுதிய எத்தனை சர்வீஸ் ரிஜிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன்!

ராமேஸ்வரத்திலும் ஒன்று உண்டு. அங்கே ஒரு அனுமார் கோயிலைச் சேர்ந்த புளியமரத் தோப்பில் கண்டு, 2004ல் ஸ்மித் என்ற இங்கிலாந்துக்காரர் ஹனுமவிலாசுமிகா என்று பெயர் வைத்தார். அழியும் தறுவாயில் உள்ளது என்று பட்டியலில் இருக்கிறது. அதே சிலந்தியைக் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் கண்டதாக 2015ல் எழுதினார்கள். வடக்கே மாங்குளத்தில், போர் முடிந்த 2009ல், ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஒரு சிலந்தியிலிருந்து தேடிப் போய் 2012ல் இன்னொரு புது இனத்தைப் பெயரிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்குக் காவலாகக் கூட வந்த போலீஸ் அதிகாரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2013ல், வியாபாரத்தில் பெடர்செனி என்று ஓடிக்கொண்டிருந்த இலங்கைச் சிலந்தி, 1895லேயே போக்காக் பெயரிட்ட விட்டாட்டாதான் என்று முடிவாயிற்று.

2019ல் பீசிலோதீரியா முழுவதையும் சைட்டீஸில் சேர்த்தார்கள். தனித்தனி இனமாகச் சேர்க்காமல் ஏன் மொத்தமாகச் சேர்த்தார்கள் என்றால், சுங்கச்சாவடியில் நிற்கும் மனிதரால் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. காலின் அடிப்பக்கத்து மஞ்சள் எங்கே முடிகிறது, வயிற்றின் கீழே ரோஸ் பட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும், அதுவும் வளர்ந்ததில். சட்டமே தன் இயலாமையை ஒப்புக்கொண்டு எழுதிய வரி அது. எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது.

என் கட்சி இதுதான். நம் டெல்டாவில் நெல் விதை வாங்கியவர்களுக்கு இது புதிதே அல்ல. என் மாமனார் ஒரு வருஷம் பொன்னி என்று சொன்னதை நம்பி ஒரு கடையில் விதை வாங்கி, ஏழு மா விதைத்தார். நாற்றில் தெரியவில்லை. தூர் கட்டியபோதும் தெரியவில்லை. கதிர் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, மூன்று ரகம் கலந்திருக்கிறது. ஒன்று பழுக்கும்போது ஒன்று பால் பிடிக்கிறது. எப்போது அறுப்பது? அந்த வருஷம் கலவன் பிடுங்கியே அவருக்கு முதுகு போயிற்று. விதையைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது என்பதால்தான் 1966ல் விதைச் சட்டம் போட்டார்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையில் விளைந்த வயல் வரைக்கும் பின்னால் போக வழி உண்டு. தப்பு வந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியும்.

நெல்லுக்கு உள்ள இந்த மரியாதை, இருபது வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய ஒரு உயிருக்கு வேண்டாமா? குஞ்சுகளைப் பெயர் சொல்லி விற்பதையே தடை செய்ய வேண்டும் என்பேன். விற்கிறவர், தாயும் தகப்பனும் எங்கிருந்து வந்தன, யார் பார்த்து இனம் சொன்னார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். தர முடியாதா, விற்க வேண்டாம். அதிகாரிகளும் பார்சலைத் திருப்பி அனுப்பும் முன் பத்துக் குஞ்சையாவது வைத்து வளர்த்து, உரித்த சட்டையையும் டி.என்.ஏ.வையும் பார்த்து எழுதி வைக்கலாமே. 107ல் எது எது இருந்தது என்று இன்றைக்கு யாரிடம் கேட்பது?

"பூச்சிக்கு இவ்வளவா?" என்று என் மனைவி கேட்டாள். காரணம் உண்டு. பெயர் தப்பினால் ஆளும் அடிபடும். அமெரிக்கச் சிலந்திகள் பயந்தால் வயிற்று முடியை உதறும், அரிக்கும், அவ்வளவுதான். நம் மரச்சிலந்தி கடித்தால் வலியோடு நாள்கணக்கில் தசை பிடித்து இழுக்கும். சாவு என்று இதுவரை பதிவு இல்லை, ஆனாலும் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் எது இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? 2012ல் அஸ்ஸாமில் சதியா என்ற ஊரில் சிலந்தி கடித்து இருவர் இறந்தார்கள் என்று நாடே அலறியது. என்ன சிலந்தி என்பதில் வல்லுநர்களுக்குள் ஒத்த கருத்தே வரவில்லை. கடிவாயை மந்திரவாதி பிளேடால் கீறியதுதான் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதற்குள் ஊரில் கண்ட சிலந்தியெல்லாம் செருப்படி பட்டுச் செத்தது.

பையனின் கதைக்கு வருகிறேன். உரித்த சட்டை ஒன்றை அவன் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தான். புத்திசாலி. தெரிந்த விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டு போனோம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். "பெட்டைதான். சிவப்பு முட்டி நிச்சயமா இல்லைங்க. சுருட்டை முடியைப் பார்த்தா மத்திய அமெரிக்கா வகை மாதிரி இருக்கு. ஆனா நான் எழுதித் தர மாட்டேன், நான் இதுல நிபுணன் இல்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அந்தச் சுருட்டை முடி வகையும் முன்பு பிராக்கிபெல்மாவில்தான் இருந்தது. 2020ல் அதைப் பிரித்து, மெக்சிகோ ஆதிக்குடி மொழியில் கருஞ்சிலந்தி என்று பொருள்படும் புதுப்பெயரில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை எழுத எனக்கு மூன்று முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

கடைசியில் மனுவோடு ஒரு கடிதம் இணைத்தேன். விற்றவர் சொன்ன பெயர் இது, அது தவறு என்று தெரிகிறது, சரியான பெயரை உறுதி செய்ய இயலவில்லை, புகைப்படங்கள் இணைத்துள்ளோம், உரித்த சட்டை எங்கள் வசம் உள்ளது, கேட்டால் ஒப்படைக்கத் தயார். நான்கு வரி. என் சர்வீஸில் எழுதிய எந்தக் குறிப்புக்கும் இவ்வளவு யோசித்ததில்லை.

பையன் இணையத்தில் ஏற்றிவிட்டான். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்தபோது மறுபடி ஒரு சட்டை உரித்ததாகச் சொன்னான். இப்போது தீப்பெட்டி போதவில்லையாம். என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை வாங்கிக்கொண்டு போனான்.